450 சிசியா, 850 சிசியா? பண்ணை ஏடிவி வாங்குபவர் பார்க்க வேண்டிய எண் எது?

நம்மூரில் ஏடிவி என்றால் சுற்றுலா போன இடத்தில் காசு கட்டி பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும் நாலு சக்கர வண்டி. மணலில் ரெண்டு ரவுண்டு, ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கிராமங்களில் கதையே வேறு. அங்கே அது வேலைக்கார வண்டி. விறகு இழுக்கும், மாட்டுக்குத் தீவனம் சுமக்கும், களைக்கொல்லி தெளிக்கும், வேலி பார்க்கப் போகும், குளிர்காலத்தில் வாசலில் குவிந்த பனியைத் தள்ளும். முன்னும் பின்னும் சாமான் வைக்கும் கம்பி ரேக், பின்னால் ட்ரெய்லர் மாட்டும் கொக்கி, பைக் மாதிரி ஹேண்டில்பார், கால் அகட்டி உட்காரும் சீட். இதற்குத்தான் ‘யூட்டிலிட்டி ஏடிவி’ என்று பெயர்.

அதை வாங்கப் போகிறவர் முதலில் மாட்டிக்கொள்ளும் கேள்வி, நம்மூரில் பைக் வாங்கும் பையன் மாட்டிக்கொள்ளும் அதே கேள்விதான். எத்தனை சிசி?

ஒரு உதாரணம். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவரிடம் 40 ஏக்கர் நிலம், அதில் பாதி காடு என்று வைத்துக்கொள்வோம். வேலை மூன்றுதான்: இலையுதிர் காலத்தில் விறகு இழுக்கணும், குளிர்காலத்தில் பாதையில் பனி தள்ளணும், மற்ற நாட்களில் வேலியைச் சுற்றி வரணும். ஷோரூமில் ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 450, 33 குதிரைத்திறன், விலை 7,000 டாலரை ஒட்டி. ஸ்போர்ட்ஸ்மேன் 850, 78 குதிரைத்திறன், விலை 10,000 டாலருக்கு மேல். ‘எதுக்கும் பெருசாவே வாங்கிடலாம், பின்னாடி வருத்தப்பட வேண்டாம்’ என்று மனசு சொல்லும். 3,000 டாலருக்கு மேல் விலையுள்ள அந்த ‘எதுக்கும்’ நியாயமானதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்டிக்கரில் இருப்பது சிசியே இல்லை

முதல் சிக்கல், வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஸ்போர்ட்ஸ்மேன் 450-இன் உள்ளே இருப்பது 499 சிசி எஞ்சின். ஹோண்டா பல ஆண்டுகள் ‘ஃபோர்மேன் 500’ என்று விற்ற வண்டியின் எஞ்சின் 475 சிசி. யமஹாவின் கோடியாக் 450-இல் இருப்பது 421 சிசி. ஒருவர் கூட்டிச் சொல்கிறார், ஒருவர் குறைத்துச் சொல்கிறார்.

இதில் ரொம்ப சுவாரசியமானது கேன்-ஆம் அவுட்லேண்டர். 2023 மாடலில் புதிதாக வந்த அவுட்லேண்டர் 500, அவுட்லேண்டர் 700 இரண்டிலும் இருப்பது ஒரே 650 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின். ஒன்றை 40 குதிரைத்திறனுக்கும் மற்றதை 50 குதிரைத்திறனுக்கும் அமைத்து, இரண்டு பெயர் வைத்து விற்கிறார்கள். அந்த 500-க்கும் 700-க்கும் நடுவில் சிசி வித்தியாசம் பூஜ்யம்!

சிசி என்பது ஒரு கொள்ளளவு, அவ்வளவே. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எவ்வளவு இடத்தைக் கடக்கிறது என்பதன் கன சென்டிமீட்டர் கணக்கு. ஹோண்டா ராஞ்சரின் பிஸ்டன் விட்டம் 86.5 மில்லிமீட்டர், அது நகரும் தூரம் 71.5 மில்லிமீட்டர். பெருக்கினால் 420 சிசி. அடுத்த பெரிய வண்டியான ஃபோர்மேன் 520-இல் நகரும் தூரம் அதே 71.5 தான். விட்டத்தை மட்டும் 96 ஆக்கினார்கள், 518 சிசி ஆகிவிட்டது. சட்டியின் அகலத்தைக் கூட்டியதுபோலத்தான். சட்டி பெரிதானால் ஒரு தடவைக்கு அதிகக் காற்றும் பெட்ரோலும் எரியும். அதிலிருந்து எவ்வளவு சக்தி எடுப்பது, எந்த வேகத்தில் எடுப்பது என்பதெல்லாம் வேறு சங்கதி.

இது தமிழ்நாட்டு பைக் ரசிகர்களுக்குப் புதிதல்ல. புல்லட் 350-இன் 349 சிசி எஞ்சின் தருவது சுமார் 20 குதிரைத்திறன். கேடிஎம் 390 டியூக்கின் பழைய 373 சிசி எஞ்சின் தந்தது 43. சிசியில் சின்ன வித்தியாசம், சக்தியில் இரண்டு மடங்கு. ஆனால் புல்லட் தன் முறுக்குவிசையை, அதாவது சக்கரத்தைத் திருகும் பலத்தை, மெதுவாகச் சுற்றும்போதே கொடுத்துவிடும். டியூக் எகிறிச் சுற்றினால்தான் கொடுக்கும். பண்ணை ஏடிவிகளின் எஞ்சின், குணத்தில் டியூக்கைவிட புல்லட்டுக்குப் பக்கம்.

விறகு இழுக்க எத்தனை குதிரை வேண்டும்?

இப்போது விஸ்கான்சின்காரரின் விறகுக்கு வருவோம். அமெரிக்காவில் விறகை ‘கார்டு’ என்ற அளவில் விற்பார்கள். 128 கன அடி அடுக்கு ஒரு கார்டு. காய்ந்த ஓக் மரம் ஒரு கார்டு ஏறத்தாழ 1,600 கிலோ வரும். அதில் கால் பங்கை ஒரு நடைக்கு ஏற்றுகிறார் என்றால், ட்ரெய்லரோடு சேர்த்து 450 கிலோ என்று வைக்கலாம். வண்டி 320 கிலோ, ஓட்டுபவர் 90 கிலோ. ஆக மொத்தம் 860 கிலோ.

100 அடி போனால் 15 அடி ஏறும் சரிவு. மண் பாதை, சக்கரம் கொஞ்சம் புதையும். இந்தச் சுமையை மேலே இழுக்க ஏறக்குறைய 1,900 நியூட்டன் விசை வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில், அந்த விசையைக் கொடுக்கத் தேவையான சக்தி சுமார் 7 குதிரைத்திறன். கியரிலும் பெல்ட்டிலும் வீணாவதைச் சேர்த்தால் 9 அல்லது 10.

ஆமாம், பத்துதான். ஹீரோ ஸ்ப்ளெண்டரின் 97 சிசி எஞ்சினே 8 குதிரைத்திறன் தருகிறது. 33 குதிரைத்திறன் உள்ள ‘சின்ன’ ஏடிவி இந்த வேலையில் மூச்சுகூட வாங்காது.

அதே சுமை, அதே சரிவு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்று கேட்டால் கணக்கு நான்கு மடங்காகும். இழப்போடு சேர்த்து 36 முதல் 40 குதிரைத்திறன் வேண்டியிருக்கும். அங்கே 450 திணறும், 850 சிரித்துக்கொண்டே போகும். ஆனால் 400 கிலோவுக்கு மேல் விறகைக் கட்டி இழுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் 40-இல் போகிறவருக்கு எஞ்சினைவிட அவசரமாகத் தேவைப்படுவது வேறு ஏதோ.

சரி, சக்தி போதும். அப்படியானால் முதலில் கைவிரிப்பது எது? டயர்தான். வண்டியும் ஆளும் சேர்ந்து 410 கிலோ. நல்ல மண்ணில் நான்கு சக்கரமும் சேர்ந்து அந்த எடையில் பாதிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோதான் பிடிமானம் கொடுக்கும். அது 2,000 நியூட்டன் சுற்றுவட்டாரம். மேலே சொன்ன சரிவில் நமக்குத் தேவைப்பட்டது 1,900! விளிம்பில் நிற்கிறோம். கொஞ்சம் ஈரமானால் சக்கரம் சும்மா சுற்றும். அந்த நேரத்தில் 33 குதிரை இருந்தால் மெதுவாகச் சுற்றும், 78 குதிரை இருந்தால் வேகமாகச் சுற்றிக் குழி தோண்டும்.

பனி தள்ளுவதிலும் இதே கதை. முன்னால் தகடு மாட்டி நடை வேகத்தில் தள்ளும்போது, உறைந்த தரையில் டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் மண்ணில் கிடைப்பதைவிட ரொம்பக் குறைவு. நாலைந்து குதிரைத்திறனைத் தாண்டி எஞ்சினால் தரையில் எதையும் செலவழிக்கவே முடியாது. அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் பனிக்காலத்தில் டயருக்குச் சங்கிலி கட்டுகிறார்கள், பின் ரேக்கில் மணல் மூட்டை வைக்கிறார்கள். பத்து டாலர் மணல் மூட்டை செய்யும் வேலையை 400 சிசி கூடுதல் எஞ்சின் செய்யாது.

இழுவை எண் எங்கிருந்து வருகிறது?

‘அதெல்லாம் சரி, கம்பெனியே பெரிய வண்டிக்குத்தானே அதிக இழுவை போட்டிருக்கான்?’ என்று கேட்கலாம். சில இடங்களில் உண்டு, பல இடங்களில் இல்லை. யமஹா கோடியாக் 450, 421 சிசி. கோடியாக் 700, 686 சிசி. இரண்டுக்கும் கம்பெனி சொல்லும் இழுவை வரம்பு ஒன்றே: 600 கிலோ. போலாரிஸின் 450-க்கும் 570-க்கும் ஒரே எண், சுமார் 612 கிலோ. 850-க்குப் போனால் சுமார் 680 கிலோ. குதிரைத்திறன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, இழுவை பத்தில் ஒரு பங்குதான் ஏறியிருக்கிறது.

2020 மாடலில் ஹோண்டா ஃபோர்மேனின் இழுவை வரம்பு சுமார் 385 கிலோவிலிருந்து 600 கிலோவுக்குத் தாவியது. அந்த ஆண்டு எஞ்சினும் 475-இலிருந்து 518 சிசி ஆனது உண்மை. ஆனால் 9% கூடிய எஞ்சினால் 56% கூடுதல் இழுவை வந்துவிடாது. ட்ரெய்லர் மாட்டும் கொக்கிப் பகுதியையும் அப்போதுதான் பலப்படுத்தினார்கள்.

இழுவை வரம்பைத் தீர்மானிப்பவை சட்டகம், கொக்கி, பிரேக், வண்டியின் எடை, சக்கரங்களுக்கு இடையிலான நீளம். இதில் பிரேக்கைத்தான் பலரும் மறந்துவிடுவார்கள். ஏற்றத்தில் மேலே போன விறகு, இறக்கத்திலும் வர வேண்டுமே! பிரேக் இல்லாத 450 கிலோ ட்ரெய்லர், தன்னைவிட எடை குறைவான 320 கிலோ வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். வண்டி சற்றே திரும்பியிருந்தால் ட்ரெய்லர் பக்கவாட்டில் மடிந்து, ஓட்டுபவரோடு சேர்த்துக் கவிழ்த்துவிடும். அங்கே எஞ்சின் சிசி காப்பாற்றாது.

ரேக்குகளின் வரம்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். கோடியாக் 450-இன் பின் ரேக்கில் 80 கிலோ, கோடியாக் 700-இல் 90 கிலோ. 100 லிட்டர் மருந்து டேங்கை நிரப்பிப் பின்னால் வைத்தால் இரண்டு வண்டியிலும் வரம்பு மீறல்தான். தண்ணீர் மட்டுமே 100 கிலோ, அதுவும் திருப்பத்தில் ஒரு பக்கமாக அலையடிக்கும் 100 கிலோ.

பெல்ட் எரியும் வாசனை

சின்ன எஞ்சின் மீது வரும் புகார்களில் ஒன்று, ‘லோடு ஏத்தினா பெல்ட் எரியுது’ என்பது. இதில் எஞ்சின் மேல் பழி போடுவது பெரும்பாலும் அநியாயம்.

போலாரிஸ், கேன்-ஆம், யமஹா, சுசுகி பண்ணை ஏடிவிகளில் இருப்பது நம்மூர் ஸ்கூட்டரில் இருப்பது போன்ற சிவிடி. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பெல்ட். ஆக்டிவாவுக்குள் இருப்பதன் பெரியண்ணன். அதிகச் சுமையோடு ரொம்ப மெதுவாகப் போகும்போது கப்பி பெல்ட்டை முழுசாக இறுக்கிப் பிடிக்காது. பெல்ட் வழுக்கும், சூடாகும், கண்ணாடி மாதிரி வழவழப்பாகும், கடைசியில் அறுந்து போகும். இதற்காகவே கியர் லிவரில் ‘எல்’ என்று ஒரு நிலை உண்டு. அதில் போட்டால் வண்டி மெதுவாகப் போனாலும் எஞ்சினும் பெல்ட்டும் வேகமாகச் சுற்றும், பிடி இறுகும், சூடு குறையும். ட்ரெய்லர் இழுக்கும்போதும் பனி தள்ளும்போதும் ‘எல்’ போடு என்று கையேட்டிலேயே இருக்கும். ‘எச்’-இல் போட்டுப் பனி தள்ளினால் 850-இன் பெல்ட்டும் எரியும். பெரிய எஞ்சின் என்றால் இன்னும் சீக்கிரம் எரியவும் வாய்ப்புண்டு, பெல்ட் மேல் ஏற்றும் சக்தி அதிகம் அல்லவா.

பெல்ட்டே வேண்டாம் என்றால் ஹோண்டா இருக்கிறது. ராஞ்சர், ஃபோர்மேன் எல்லாம் காரில் இருப்பது போன்ற பல்சக்கர கியர் பெட்டிகள். காலால் மாற்றுவதும் உண்டு, பட்டனில் மாறுவதும் உண்டு, தானாக மாறுவதும் உண்டு. தினசரி மெதுவான, கனமான வேலைதான் என்றால் 420-ஆ 520-ஆ என்ற கேள்வியைவிட பெல்ட்டா கியரா என்ற கேள்விக்குப் பதில் தேடுவது பிரயோஜனம். நாள் முழுக்க நடை வேகத்தில் ஓடும் வண்டிக்குக் காற்று மோதிக் குளிரவும் வழியில்லை. அதனால் ரேடியேட்டரும் மின்விசிறியும் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் சின்ன ரீகானில் இருக்கும் 229 சிசி எஞ்சின் வெறும் காற்றால் குளிர்வது, இரண்டு சக்கர இழுவை மட்டும்தான். வேலி பார்க்கவும் பால் கேன் கொண்டு போகவும் அது போதும். காட்டு விறகுக்கு அதை அனுப்பக் கூடாது. சிசி குறைவு என்பதல்ல காரணம், நான்கு சக்கர இழுவை இல்லை என்பதுதான்.

பெரிய எஞ்சினுக்கு நியாயம் உள்ள இடங்கள்

அப்படியானால் 850-உம் 1000-உம் வெறும் பந்தாவா? இல்லை.

முதலில் உயரம். மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும், சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறையும். டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10% சக்தியை இழக்கும். எரிபொருளை அளந்து தெளிக்கும் கம்ப்யூட்டர் இருந்தாலும், அது பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்யுமே தவிர, இல்லாத காற்றைக் கொண்டுவராது. கொலராடோ மாநிலத்தின் லெட்வில் ஊர் 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே 33 குதிரைகளில் ஒன்பது, பத்து குதிரைகள் காணாமல் போயிருக்கும். 78 வாங்கியவருக்கு இன்னும் 55 மிச்சம். மலையில் வேலை பார்ப்பவர் ஒரு படி மேலே வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

அடுத்தது தூரமும் வேகமும். கனடாவிலோ ஆஸ்திரேலியாவின் உள்நாட்டிலோ பண்ணையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பல கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். ஒற்றை சிலிண்டர் வண்டியை நாள் முழுக்கக் கிட்டத்தட்ட முழு த்ராட்டிலில் விரட்டுவதைவிட, இரட்டை சிலிண்டர் 850-ஐப் பாதி த்ராட்டிலில் ஓட்டுவது கைக்கும் முதுகுக்கும் நல்லது. எஞ்சினுக்கும் ஆயுள்.

மூன்றாவது, பெரிய டயர். சேற்றுக்கு என்று கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய, கனமான டயர் மாட்டினால் வண்டியின் இறுதி கியரையே மாற்றியது மாதிரி. சின்ன எஞ்சின் அதில் நன்றாகவே திணறும். இரண்டு பேர் போவதும் அப்படித்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் பெரிதாக இருப்பதால் பின்னால் ஒருவரை ஏற்றிவிட முடியாது. இரண்டு பேருக்கென்றே நீளமாகச் செய்த மாடல்கள் தனி. மற்ற எல்லா ஏடிவியும் ஒருவருக்கு மட்டும்தான், அது 420 ஆனாலும் 1000 ஆனாலும். நீண்ட சீட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. சரிவில் உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சமாளிக்க ஓட்டுபவருக்காக விட்ட இடம் அது.

கனம் ஒரு செலவு

பெரிய எஞ்சின் தனியாக வராது. பெரிய ரேடியேட்டர், தடித்த அச்சு, அகலமான சட்டகம் எல்லாம் கூட வரும். ரீகான் சுமார் 200 கிலோ. 420 - 570 வகை வண்டிகள் பெரும்பாலும் 270 முதல் 325 கிலோ. இரட்டை சிலிண்டர் வண்டிகள் 350 கிலோவைத் தொட்டுத் தாண்டும். தார் ரோட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. சதுப்பில் சிக்கிய வண்டியைத் தனி ஆளாக வெளியே எடுக்கும்போது தெரியும். பிக்அப் வண்டியில் சாய்வுப் பலகை வைத்து ஏற்றும்போது தெரியும். எல்லாவற்றையும்விட, அது ஆள் மேல் விழும்போது தெரியும்.

இதுதான் இந்த விஷயத்தின் கனமான பகுதி. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் உயிர்ப்பலி வாங்கும் காரணங்களில் இந்த வண்டி முன்வரிசையில் நிற்கிறது. பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: சரிவில் வண்டி கவிழும், ஓட்டியவர் அடியில் மாட்டிக்கொள்வார், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். 2019-இல் அந்நாட்டு அரசு பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. 2020 அக்டோபரிலிருந்து விற்கும் ஒவ்வொரு புது வண்டியிலும், அது எத்தனை டிகிரி சாய்ந்தால் சக்கரம் தூக்கத் தொடங்கும் என்று அட்டை தொங்கவிட வேண்டும். 2021 அக்டோபர் 11 முதல், பண்ணை வேலைக்கான புது வண்டிகளில் பின்னால் வளைவுக் கம்பி போன்ற பாதுகாப்பு அமைப்பு கட்டாயம், குறைந்தபட்ச நிலைத்தன்மையும் கட்டாயம். ஹோண்டா, யமஹா, போலாரிஸ் போன்ற பெரிய கம்பெனிகள் இதை ஏற்காமல் அந்தச் சந்தையில் ஏடிவி விற்பதை நிறுத்துவதாக அறிவித்தன. அரசு பின்வாங்கவில்லை.

அந்த அட்டையில் கேட்பது சாய்வுக் கோணம். சிசி அல்ல.

அமெரிக்காவும் சுற்றி வளைத்து இதே இடத்துக்குத்தான் வந்தது. மூன்று சக்கர ஏடிவிகள் கவிழ்ந்து கவிழ்ந்து ஏராளமானோர் காயமடைந்தபின், 1988-இல் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் தயாரிப்பாளர்களும் நீதிமன்றம் மூலம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். மூன்று சக்கர விற்பனை நின்றது. 90 சிசிக்கு மேல் உள்ள வண்டி 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அல்ல என்பதும் அதில் உண்டு. அப்போது அளவுகோல் சிசிதான். பிற்பாடு, 2008 சட்டத்தின் வழியே கட்டாயமான தரவிதியில், சிறார் வண்டிகளை சிசியால் பிரிப்பதை விட்டுவிட்டு அதிகபட்ச வேகத்தால் பிரித்தார்கள். 6 வயதுக்கான வண்டி எத்தனை சிசியாக இருந்தாலும் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து வேகமும் கனமும்தான் என்று புரிய இருபது ஆண்டு ஆனது. 16 வயது வரம்பு மட்டும் பெரிய வண்டிகளுக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. ‘சின்ன 420 தானே, பையன் ஓட்டட்டும்’ என்று பண்ணையில் சாவியைக் கொடுப்பவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். பெரியவர்களுக்கு அது சின்ன வண்டி. 35 கிலோ பையனுக்கு அது தன்னைப்போல் எட்டு மடங்கு எடை.

அப்போ விஸ்கான்சின்காரர் எதை வாங்குவார்?

அவருடைய நிலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் போல உயரம். சக்தி இழப்பைப் பற்றிக் கவலையில்லை. வருடத்தின் கனமான வேலை 450 கிலோ ட்ரெய்லர். 450-இன் வரம்பான 612-க்குள் வசதியாக அடங்குகிறது. ஆனால் அந்த 612, சமதளத்தில் சொல்லும் எண். அவருடைய சரிவில் ஏற்றிப்போவது 450-ஆக இருந்தாலும் 850-ஆக இருந்தாலும் டயர் பிடிமானத்தின் விளிம்பில்தான். எனவே கால் கார்டு விறகை ஒரே நடையாகக் கொண்டுவராமல் இரண்டு நடையாகக் கொண்டுவருவது எந்த எஞ்சினையும்விடப் பலன் தரும். பனிக்கு சங்கிலியும் மணல் மூட்டையும் வேண்டும். ஒருநாளும் முழு வேகத்தில் ஓட்டத் தேவையில்லாத 40 ஏக்கர் அது.

சின்னதில் மிச்சமாகும் 3,000 டாலரில் பனித் தகடு, முன்னால் வின்ச், தனி பிரேக் உள்ள ட்ரெய்லர், ஹெல்மெட் எல்லாம் வாங்கிய பிறகும் கையில் காசு நிற்கும். பெரிய வண்டி வாங்கி, பிரேக் இல்லாத பழைய ட்ரெய்லரையே மாட்டிக்கொள்பவரைவிட இவர் நிம்மதியாக இறக்கம் இறங்குவார். நடுவில் 570 என்று 44 குதிரைத்திறனில் ஒன்று, சுமார் ஆயிரம் டாலர் கூடுதலில் இருக்கிறது. கொஞ்சம் மேடு பள்ளமான நிலம், அவ்வப்போது ரோட்டோரப் பாதையில் ஓட்டமும் உண்டு என்பவருக்கு அது பொருத்தம்.

கொலராடோ மலையில் கால்நடை பார்க்கும் அவருடைய மச்சான் இதே கணக்கைப் போட்டால் விடை 850 என்று வரலாம். வருடத்துக்கு ஒரே ஒரு நாள் ஒரு டன் இழுக்க வேண்டியவருக்கோ விடை ஏடிவியே இல்லை, அந்த ஒரு நாளுக்கு வாடகை டிராக்டர்.

ஷோரூமுக்குப் போகும்முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை கொஞ்சம்தான்: வருடத்தில் தூக்கும் அதிகபட்ச எடை எத்தனை கிலோ, இருப்பதிலேயே மோசமான சரிவு எவ்வளவு, நிலம் எவ்வளவு உயரத்தில், யார் யார் ஓட்டுவார்கள். கையேட்டில் இழுவை வரம்பு, ரேக் வரம்பு, வண்டியின் எடை மூன்றையும் பார்த்து அந்தத் தாளோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். சரிவில் ட்ரெய்லர் இழுத்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதே கையேட்டில், பெரும்பாலும் யாரும் புரட்டாத பக்கத்தில் இருக்கும்.